மூன்றாம் பக்கம்

காற்றா, தண்ணீரா, எது முதலில் வந்தது?
ஒன்றில் மட்டும் புள்ளடி இடவும்.

முதலில் வந்தது சத்தம்.
அதற்குப் பெட்டி இல்லை.

பிறகு குசினிச் சீற் ஏழும் கிளம்பின.
ஆறு எங்கள் உவர்மலைச் சரிவிலேயே
துண்டு துண்டாய்.
ஏழாவது, முழுசாக,
மக்கெய்சர் மைதானத்துப் பக்கம்
யாரோவுடைய ஆடுகளுக்குக் கூரையாம்.
அது இழப்பா, இல்லையா?

மதிப்பீட்டாளர் இஸ்ஸதீன் டோர்ச் அடித்து
வெடிப்பு வெடிப்பாய்க் கேட்டார்.
இது இந்தப் புயலோ?
இல்லைத் தம்பி, அது தொண்ணூறு.
இது?
கக்கூஸ் கட்டினபோது அத்திவாரம் இறங்கினது.
இது?
அவர் விரல் பட்டு
அப்போதுதான் உதிர்ந்தது.

பழையதெல்லாம் கழித்துப்
பென்சிலால் ஒரு தொகை எழுதினார்.
அதில் கதவு வாங்கலாம்,
நிலை வாங்க முடியாது.

மதில் விழுந்த இடத்தால்
மான் ஒன்று உள்ளே வந்து
கதிரையில் காயவிட்ட
கிராம சேவகர் கடிதத்தைத் தின்றது.
முத்திரையையும்.
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இதையும் எழுதலாமோ என்றேன்.
மானுக்குக் காப்புறுதி இல்லையக்கா, என்றவர்
இறப்பரைத் தேடி எடுத்துக்
கழித்த வெடிப்புகளில் ஒன்றைத்
திரும்பச் சேர்த்தார்.

தொண்ணூறையா என்று
நான் கேட்கவில்லை.