எழுபத்திரண்டு மணி

மூடியில் உள்ள குமிழை வலப்பக்கம் திருகினால்
எண் ஏறுகிறது.
ஒன்று. ஆறு. இருபத்து நான்கு.
எழுபத்திரண்டில் நிறுத்தினேன்.
வெள்ளிக்கிழமை மாலை ஆறு. சம்பளம் வந்திருந்தது.
ஞாயிறு தாண்டினால் போதும் என்று கணக்கு.

உள்ளே கைப்பேசி, வங்கி அட்டை.
நான்கு பக்கமும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்.
பிஸ்கட்டுக்குச் செய்த டப்பா;
அது வந்த அட்டைப்பெட்டியில்
ஒரு குண்டுக் குழந்தை சிரிக்கிறது.
எனக்கு வயது ஐம்பத்தொன்று.

கப்பல் பட்டறையில் வெல்டர் நான்.
இரண்டு விரற்கடை இரும்பைத்
துணி கிழிப்பதுபோல் கிழிப்பேன்.
இதை உடைக்கச் சுத்தியல்கூட வேண்டாம்,
முழங்கை போதும்.
டப்பாவுக்கும் அது தெரியும்.
நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

முதல் ராத்திரி
கட்டைவிரல் தானாக அசைந்தது,
போர்வைமேல், இல்லாத சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு.
செர்ரி, செர்ரி, மணி.
எப்போதும் மூன்றாவது மட்டும் பிசகும்.
கார் போனது அந்த மூன்றாவதில்தான்.
வீர்வேயின் தையல் இயந்திரம் போனதும்,
பிறகு வீர்வே போனதும்.

சனிக்கிழமை முழுக்கக் கறுப்பு ரொட்டி, உப்பு மீன்,
கொப்லி முனையில் டிராம் திரும்பும் கிறீச்சொலி.
அடுத்த டிராம் பத்து நிமிடத்துக்குள் வருமா, பிறகா?
எனக்கும் எனக்கும் பந்தயம், ஐந்து தீக்குச்சி.
நாற்பது குச்சி ஜெயித்த பிறகுதான் உறைத்தது.
ஜன்னலைச் சாத்தினேன்.
யாரிடமிருந்து ஜெயித்தாய் என்று கேட்காதீர்கள்.

ஞாயிறு, ஐந்தாகக் கால்மணி. வெளியே இருட்டியாயிற்று.
குளிர்பெட்டியின் மேல் டப்பா ஒளிர்ந்தது.
கைப்பேசி நடுங்கி நடுங்கிச்
சுவரில் முட்டியது,
சீசாவுக்குள் மாட்டிய வண்டு.
திரையில் பெயர்: மரெத்.

ஏழு மாதமாக மகள் கூப்பிட்டதில்லை.
கடைசியாகச் சொன்னது:
"கடன் கேக்கிற குரல்ல பேசாதேப்பா."

மூடியில் எண்: இருபத்தைந்து மணி, பதினைந்து நிமிடம்.
சுத்தியலை எடுத்தேன்.
உடைத்தால் மகள்.
மகளுக்குப் பின்னாலேயே, அதே கண்ணாடியில்,
செர்ரி, செர்ரி.
இரண்டு பேருக்கும் ஒரே கதவு.

சத்தம் நின்றது.
மறுபடி வரும் என்று சுத்தியலோடு நின்றேன்.
வரவில்லை.

அவள் எண் எனக்கு மனப்பாடமில்லை
(கடன்காரர்கள் எண் மூன்று தெரியும்).
வீடு தெரியும். லஸ்னமாயேயில்
ஒன்பது மாடிக் கட்டடம்; எல்லாமே ஒன்பது மாடிக் கட்டடம்.
கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
டிராமில் ஆளாளுக்குக் கையில் ஒரு வெளிச்சம்.
என் கை இரண்டும் மடியில் கிடந்தன,
யாரோ மறந்துவிட்டுப் போன உருளைக்கிழங்குகள் மாதிரி.

பஸ் மாறி, சகதிப் பனியில் நடந்து,
மூன்று வாசலில் தப்பான பொத்தானை அழுத்தி,
ஒரு கிழவரிடம் ருஷ்ய மொழியில் திட்டு வாங்கி,
நாலாவதில் அவள் குரல்.

"யாரு?"
"நான்தான்."
"போன்ல பேசக்கூடாதா?"
"போன் பெட்டிக்குள்ள இருக்கு.
நாளைக்கு ஆறு மணிக்குத்தான் திறக்கும்."

வெகுநேரம் ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும்.
"நான் உன்னைக் கூப்பிடலே" என்றாள்.
"மர்குஸ்னு தேடினேன். கை தவறி உன் பேர்ல பட்டிடுச்சு."
"சரி."
"நீ எடுக்காததும் பயந்துட்டேன். நீ எப்பவும் எடுப்பே.
அந்த எழவு எப்பவும் உன் கையிலயே இருக்கும்."

பிறகு, "ஷூவை நல்லா தட்டிட்டு வா."

திங்கள் மாலை, டப்பா டக்கென்றது.
பதினொரு சதவீதம் உயிர் மிச்சமிருந்தது கைப்பேசியில்.
மரெத்தின் எண்ணைத்
தீப்பெட்டியின் முதுகில் எழுதிக்கொண்டேன்.
கட்டைவிரல் கொஞ்சநேரம் திரைமேல் நின்றது,
பொய் சொல்லவில்லை, நின்றது.
உள்ளே வைத்தேன். குமிழைத் திருகினேன்.
ஒன்று. ஆறு.

இந்தத் தடவை எத்தனை என்று சொல்லமாட்டேன்.
சொன்னால் நீங்கள் பந்தயம் கட்டுவீர்கள்.