நான்கு சென்ட்

பிப்ரவரி முழுக்க
குளிர்பெட்டியின் தலையில் ஒரு துணிப்பை.
சூப்புக்கு உரித்த வெங்காயத்தின் மேலாடையெல்லாம்
அதற்குள்தான் போனது.
தொட்டால் சரசரக்கும்,
உள்ளே யாரோ புறம் பேசுவதுபோல்.

ஈஸ்டருக்கு இன்னும் எட்டே நாள்.
பை பாதிகூட நிறையவில்லை.
இந்த வருஷம் வெங்காயமே குறைத்துத்தான் வாங்கினோம்.
'சாயத்தூள் பாக்கெட் இரண்டு யூரோதான், அம்மா,
அதில் நீலம்கூட இருக்கு' என்றான் ரெனார்ஸ்.
அந்தத் 'தான்'
என் காதிலேயே நின்றுவிட்டது.

சனிக்கிழமை மூவரும் கடைக்குப் போனோம்.
வெங்காயத் தொட்டியின் அடியில்
யாருக்கும் வேண்டாத சருகு, முழங்கை ஆழம்.
மதாரா கைவிட்டு அள்ளினாள்
கோழி குப்பை கிளறுவதுபோல்,
கூச்சநாச்சமில்லாமல்.
ரெனார்ஸ் பத்தடி தள்ளி நின்று
ஓட்ஸ் டப்பாவை வேதம்போல் படித்துக்கொண்டிருந்தான்.
பதின்மூன்று வயது.
பால் வரிசையில் அவன் வகுப்புப் பையன்.

கல்லாப் பெண் பையைப் பிரித்தாள்,
முகர்ந்தாள்,
என்னைப் பார்த்தாள்.
சருகுக்கென்று பட்டியலில் எண் இல்லை.
வெங்காயம் என்று அழுத்தினாள்.
தராசு கொஞ்சம் யோசித்தது.
நாற்பது கிராம். நான்கு சென்ட்.
பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.
சில்லறையை எண்ணி வைத்தேன்,
ரசீதும் கேட்டு வாங்கினேன்.
அவள் குரலைத் தாழ்த்தி,
'வியாழன் ராத்திரி தொட்டியைக் கழுவுவோம்,
எட்டரைக்கு மேல வாங்க' என்றாள்.

பெரிய வெள்ளி.
அறுந்த என் நைலான் காலுறைகள்
துண்டு துண்டாக மேசைமேல்.
வெளியே டௌகவா நதியோரம் இன்னும் பனி,
ஒட்ட வைக்க ஓர் இலை இல்லை.
அரிசி இருந்தது, சோயாக்கீரை விதை இருந்தது,
முற்றத்துச் சுவரில் சுரண்டிய பாசி இருந்தது.
முட்டையை நனைத்து, அரிசியில் புரட்டி,
சருகு சுற்றி, காலுறையில் திணித்து,
மதாரா நூல் கட்ட நான் விரல் கொடுத்தேன்.
விரலோடு சேர்த்துக் கட்டிவிட்டாள் இரண்டு முறை.
ரெனார்ஸ் அறைக்குள்ளிருந்து வரவில்லை.

வெங்காயத்தை உரித்தால் ஒன்றுமில்லை என்றவர்
சருகை அடுப்பில் ஏற்றிப் பார்த்ததில்லை.
முதலில் தேநீர்,
பிறகு செங்கல்,
அப்புறம் ரயில் பெட்டியின் துரு.
அந்த வாசம்தான் அவனை இழுத்து வந்தது.
'எனக்கு ஒண்ணு மிச்சம் இருக்கா?'
இருந்தது.
காலுறைதான் இல்லை.
தன் கிழிந்த கால்பந்துச் சாக்ஸைக் கொண்டுவந்தான்.
துவைத்ததா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு முற்றத்தில் ஊஞ்சல்;
உடைந்த அலமாரியின் கதவுதான் பலகை.
இன்றைக்கு ஆடினால் கோடையில் கொசு கடிக்காதாம்.
ஜெர்மனிக்கு லாரி ஓட்டப்போன அப்பாவுக்கும் சேர்த்து
மதாரா இரட்டிப்பாக ஆடி
வாந்தியெடுத்தாள்.
பால் வரிசைப் பையன் நீல முட்டையோடு வந்தான்.
டொக்.
உடைந்தது எங்களுடையதுதான்.
ரெனார்ஸ் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.
அவன் ஓட்டை உரித்தான்.
வெள்ளைக்கருவில் விரிசல் வழியே இறங்கிய சாயம்,
கிளை பிரிந்த நதிபோல் பழுப்புக் கோடுகள்.
'உன்னுது உள்ளே எப்படி?' என்றான்.
அந்தப் பையன் தன்னுடையதைத் தானே
பெஞ்சில் தட்டி உடைத்துக் காட்டினான்.
வெறும் வெள்ளை.
பாதி பாதி மாற்றித் தின்றார்கள்,
உப்பில்லாமல்.

சாயநீரைக் கொட்ட மனம் வரவில்லை.
கீழ்வீட்டு டிராம் ஓட்டுநர் கென்னாடிக்கு
ஈஸ்டர் அடுத்த ஞாயிறு.
ரெனார்ஸே பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்,
படிக்குப் படி சிந்தி.
நான் மேலே நின்று கேட்டேன்.
'என்ன தரணும் தம்பி?'
கொஞ்சம் மௌனம்.
'நான்கு சென்ட்.
ரசீது இருக்கு.'