நாலு பத்து

பேக்கரிக்காரர் எண்ணித் தருவது நூற்றி இருபது உருப்படி.
நூறு அவருக்கு. மிச்சம் விற்றால் எனக்கு.
காத்தான்குடியில் தட்டு இறங்கிய சூட்டோடு
கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு
நாவற்குடா, கல்லடி, நொச்சிமுனை என்று
ஒழுங்கை ஒழுங்கையாய் அந்த ஒரே மெட்டை
இழுத்துத் திரிகிற சூன்பாண் ஆட்டோக்காரன் நான்.
நித்திரையிலும் முணுமுணுக்கிறேனாம்,
மனைவி உலுப்பி எழுப்புவாள்.

நொச்சிமுனையில் நாலு பத்து.
டியூசன் கொட்டில் விடுகிற நேரம்.
மற்றப் பிள்ளைகளின் செருப்பை மிதித்துக்கொண்டு
கேதுஷன் வருவான்.
ஒன்பது வயது. காற்சட்டைப் பொத்தான் பூட்டாது,
சேட்டை வெளியே விட்டு மறைப்பான்.
சீனி அப்பிய முதலைப் பணிஸ் இரண்டு, ஒரு றோல்ஸ்,
கத்தாரில் தகப்பன் வெயில் குடித்து அனுப்பிய
ஐந்நூறு ரூபாய்த்தாள்.
“மிச்சம் வேணாம் நானா, இன்னொண்டு தாங்க.”

கொடுத்தேன்.
கடல் வந்துபோன வருசம் எனக்கும் ஒன்பது வயது.
கூடாரத்துக்கு வந்த நேர்ஸ்
என் தங்கச்சியின் மேற்கையில் ஒரு நாடா சுற்றினா.
சிவப்பில் நின்றது.
அன்றிலிருந்து பிள்ளைகளில் எலும்பு தெரிந்தால்தான் எனக்குப் பயம்,
கொழுத்த கன்னம் கண்டால் வாய் தானாய்
அல்ஹம்துலில்லாஹ் என்றுவிடும்.

மறுகா ஒருநாள் பள்ளியில் தராசு வைத்தார்கள்.
“நாப்பத்தெட்டு. டீச்சர் சத்தமா வாசிச்சா.
பெடியனுகள் இப்ப அப்பிடித்தான் கூப்பிடுறானுகள்.
நாப்பத்தெட்டு வாறான், நாப்பத்தெட்டு போறான்.”
சொல்லிவிட்டு
மூன்றாவது பணிஸைக் கேட்டான்.

அப்போதுதான் கவனித்தேன்.
மெட்டுக் கேட்டு ஓடி வருகிற அந்த முப்பது யார்தான்
நாள் முழுக்க அவன் ஓடுகிற ஓட்டம்.
பள்ளிக்கு ஆட்டோ. வந்தால் கணிதம், தமிழ்,
புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்.
மைதானத்துக் கேட்டில் பூட்டு, பூட்டில் கறள்,
திறப்பு ஆரிடம் என்று ஊரில் இரண்டு கதை.

அடுத்த நாள் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன்,
கோயில் மதிலடியில்.
மறுநாள் ஒரு லைற் போஸ்ட் தாண்டி.
பிறகு இரண்டு, மூன்று.
வந்தான். மூச்சிரைக்கச் சிரித்தான்.
நான் டொக்டர்மாரைப் போல
நிமிர்ந்து இருந்தேன்.

ஆறாவது போஸ்ட்டில், ஒரு புதன்கிழமை,
பக்கக் கண்ணாடியில் பார்க்கிறேன்,
பாதி வழியில் குந்திவிட்டான்.
உதட்டில் நாவற்பழ நிறம். இரண்டு கையும் நெஞ்சில்.
மெட்டு மட்டும் நிற்காமல் அடிக்குது,
ஏழு வருசமாய்த் தொட்ட சுவிட்ச்
விரலுக்குத் தெரியவில்லை.

தாய் ஓடி வந்தா, நைட்டிக்கு மேல் துவாயோடு.
“என்ர புள்ளைய ஏன் இப்பிடி ஓட்டுறாய்?
தின்னத்தானே வந்தவன்?”
தண்ணீர் பருக்கி, முதுகைத் தடவி,
அவனுக்கு நிறம் திரும்பிய பிறகு
என்னைப் பார்க்காமலே சொன்னா:
“ஒவ்வொரு நாளும் கோல் எடுப்பார். புள்ள சாப்பிட்டானா?
வேற ஒண்டும் கேக்கமாட்டார்.
நான் அவருக்கு வேற என்னத்தக் காட்ட?”

அன்று எழுபத்தொன்று திரும்பிப் போனது.
பேக்கரிக்காரர் இரண்டு தரம் எண்ணினார்.

இப்போது நொச்சிமுனைக்கு மெட்டை அணைத்துவிட்டுத்தான்
திரும்புகிறேன், களவெடுக்க வந்தவன் மாதிரி.
நாலு பத்துக்குப் படலையடியில் நிற்கிறான்,
காசை மடித்து மடித்துக் கச்சான் அளவாக்கி.
“பாட்டுப் பழுதா நானா?”
ஓம் மனே, பழுது.

ஒரு பணிஸ் கொடுத்தேன். ஒன்றுதான்.
மிச்சக் காசை எண்ணி உள்ளங்கையில் வைத்தேன்.
இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.
பணிஸைக் கடிக்கவில்லை. குனிந்து
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
கேட்டான்:
“நாளைக்கு எத்தினையாம் போஸ்ட்?”