தலைகீழ்

கல்புக்கோவில், மிதவைக் கூண்டுகளின் மேல்,
பேன் பார்ப்பது என் பிழைப்பு.
தலைக்கு அல்ல, சால்மனுக்கு.
மயக்கத் தொட்டியில் பத்து மீன்:
புரட்டு, எண்ணு, எழுது, திருப்பி விடு.
கையுறைக்குள் விரல் மரத்த ஒரு ஜூலையில்
தொட்டித் தண்ணீரைக் கொட்டுமுன்
ஏனோ ஒரு குப்பியில் பிடித்துக்கொண்டேன்.

கால்நடை மருத்துவரின் நுண்ணோக்கி
மதியத்தில் சும்மா கிடக்கும்.
புள்ளி ஒன்று துடித்தது.
ஒற்றைக் கண். மூன்று சோடிக் கால்.
பேனாகப் போகிறோம் என்று
இன்னும் தெரியாத பேன்.
எம்பனாடா ஆறிப்போனது.

வால்டிவியாவில் நேர்காணல்.
"ஏன் லார்வா?" என்றார்கள் மூவர்.
மனப்பாடம் செய்த பதில் நழுவி
வேறொன்று வாயில் வந்தது:
"வளர்ந்ததை எண்ணித்தான் சம்பளம் வாங்கினேன்.
எங்கிருந்து வருகிறது என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை."
ஒருவர் சிரித்தார். ஒருவர் மழையைப் பார்த்தார்.
எடுத்துக்கொண்டார்கள், கொட்டலசு ஆய்வுக்கு;
பேனுக்குக் காசு தருவது கம்பெனி,
முடிவையும் அதுவே பூட்டி வைத்துக்கொள்ளுமாம்.

வத்தம் விடியற்காலை மூன்று மணிக்கு.
நெற்றி விளக்கு. நாற்பது தகடு.
ஒவ்வொன்றின் முதுகிலும் என் தொலைபேசி எண்.
கொட்டலசுக் குஞ்சு கடைசிப் பருவத்தில் உண்பதில்லை.
மிச்சமிருக்கும் எண்ணெய்த் துளி தீருமுன்
மீசையால் நடந்து பாறையைச் சோதிக்கிறது.
பிடிக்காவிட்டால் நீவாட்டோடு போய்விடுகிறது.
பிடித்தால் தலையை ஒட்டிக்கொண்டு
ஆயுள் முழுக்கக் காலால் உண்கிறது.

"உன்னை மாதிரியே" என்றாள் அறைத்தோழி யாஸ்னா.
"அதற்கு வாடகை பாக்கி கிடையாது" என்றேன்.

ஆகஸ்ட் புயல் ஒன்பது தகடுகளைக் கொண்டுபோனது.
நான் அழவில்லை. திருகுகளின் துளைகளை
ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தேன்,
அவ்வளவுதான்.

நவம்பரில் கொர்ராலிலிருந்து ஓர் அழைப்பு.
முத்துக்குளிப்பவரில்லை, கடல்நத்தைக்கு முங்குபவர்,
பெயர் எலேயோதோரோ.
"உன் தகடு என்னிடம்.
மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.
இப்போது ஆடுவதில்லை. அவசியம் வேண்டுமா?"

படகேறிப் போனேன்.
எத்தனை நாள், எந்தத் திசை மிதந்ததோ,
அட்டவணையில் அதற்கு இடமில்லை.
இருந்தாலும் மேசைக்கடியில் நுழைந்து,
கன்னம் தரையில் பட,
காய்ந்த ஓடுகளை எண்ணத் தொடங்கினேன்.
மேலே கரண்டிச் சத்தம். கால்பந்துச் செய்தி.
நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினெட்டு.
வெளியே நீண்டிருந்த என் காலருகே
யாரோ ஒரு கிண்ணம் சூப்பை
சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்கள்.