அனாமத்து

ரியோனி ஆற்றங்கரையில், குத்தாயிசி ஊரில்,
மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன்.
திங்கள், செவ்வாய் ஜும்பெரின் ரொட்டி அடுப்பு.
புதன் கோச்சாவின் டயர்.
வியாழன் நுக்ஸாரின் சவப்பெட்டிப் பட்டறை.
ஒரு கடையில் தெரிந்தது
இன்னொரு கடையில் எனக்குத் தெரியாது.
சம்பளத்தில் பாதி அதற்குத்தான்.

அக்டோபர் பதினெட்டு. ஜும்பெரின் பேரேட்டில்
நுக்ஸாருக்குத் தர வேண்டியது இருநூற்று நாற்பது லரி.
ரசீதில், நீளம் தொண்ணூறு சென்டிமீட்டர்.
கையில் காசில்லை,
தினம் இரண்டு ஷோத்தி அனுப்பிக் கழிக்கிறேன் என்றான்.
ரொட்டி ஒன்று ஒரு லரி. எழுதிக்கொண்டேன்.

அடுத்த வியாழன் நுக்ஸார்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னான்:
அந்த வரியை அடித்துவிடு. அவனிடம் சொல்லாதே.
என் பேனாவுக்கு அடித்தல் திருத்தல் பழக்கமில்லை.
மீந்த பலகை, சேதாரம் என்று எழுதித்
தொகையைச் செலவில் இறக்கினேன்.

ஒரே கடன்,
ஒரு புத்தகத்தில் நிற்கிறது, ஒன்றில் தீர்ந்துவிட்டது.
ஐந்தொகை போடும் இரவுகளில்
இரண்டையும் ஒரே மேஜையில் வைக்க மாட்டேன்.

ரொட்டியோ வந்துகொண்டிருந்தது.
யார் கணக்கில் வரவு வைப்பது?
எங்கேயாவது எழுது, என்றான் நுக்ஸார்,
மீசையில் மரத்தூள், வாயில் ஷோத்தி.

பிப்ரவரி பதினான்கு. நூற்றிருபதாம் நாள்.
ஜும்பெர், கடன் தீர்ந்தது, என்றேன்.
அடுப்பின் உள்சுவரில் மாவை அறைந்துகொண்டே
கடனைப் பற்றி யார் கேட்டது, என்றான்.
இரண்டு ரொட்டி. தினம். எங்கேயாவது எழுது.

எங்கேயாவது என்று ஓர் இடம் உண்டு கணக்கில்.
அனாமத்து.
எதற்கு, யாருடையது என்று தெரியும்வரை
தொகைகள் தங்கிப் போகும் சத்திரம்.
வருஷக் கடைசியில் காலி செய்தாக வேண்டும்.
நான் செய்யவில்லை. இரண்டு புத்தகத்திலும்.

ஜூனில் வரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண்,
எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவள்.
இதென்ன, தினம் இரண்டு ரொட்டி?
விவரம் கிடைக்கவில்லை, என்றேன்.
மூல ரசீதைக் கேட்டாள். கொடுத்தேன்.
அவள் விரல் தொண்ணூறில் நின்றது.
பிறகு
எச்சில் தொடாமலே புரட்டினாள்.

நாளை புதன்.
கோச்சா கடையில் நான்கு டயர் போயிருக்கிறது,
மூன்றுக்குத்தான் காசு வந்திருக்கிறது.
யாரைக் கேட்பது,
யாரைக் கேட்கக் கூடாது என்று
இன்னும் பிடிபடவில்லை.