தலைகீழ் ஆறு

விலைப்பலகையில் எண் மாற்றுவது என் வேலை.
நீளக் கழி, நுனியில் ஒரு கொக்கி.
பெட்டியில் ஒன்பது கிடையாது.
போன குளிர்காலக் காற்று பிடுங்கிப்போய்
ஆலிவ் தோப்புக்குள் எங்கோ போட்டுவிட்டது.
ஆறைத் தலைகீழாக மாட்டுகிறேன்.
இதுவரை யாரும் கேட்டதில்லை.

பாலத்தடியில் ஓடுகிற ஆற்றுக்கு
இரண்டு கரையிலும் ஒரே விலை.
டீசல் மட்டும் அக்கரையில், ஸ்பெயினில்,
இருபது செண்ட் குறைவு.

வியாழக்கிழமை ஒருவரும் டீசல் போடக்கூடாது
என்று ஊர் முடிவெடுத்திருந்தது.
பள்ளி ஆசிரியை கிராசியேட் தாள் ஒட்டினாள்,
முடிதிருத்தகத்தில், மீன் வண்டியின் பின்புறத்தில்,
என் கண்ணாடிக் கதவிலும்.
ஒட்டுவதற்கு டேப் என்னிடம்தான் வாங்கினாள்.
"உன்மேல் கோபமில்லை, தெயோலிந்தா."
தெரியும் என்றேன்.
கோணலாக இருந்த மூலையை நானே அழுத்திவிட்டேன்.

புதன் மாலை,
இந்த ஊரில் இத்தனை வண்டிகள் இருப்பதே
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
வளைவு தாண்டியும் வரிசை.
நாளைக்குப் போடக்கூடாதே என்று
இன்றைக்கே கழுத்துமுட்ட.
அமில்கார் டிராக்டரில் நான்கு கேன்களோடு வந்தான்.
இரவு மூன்று தடவை சோப்புப் போட்டும்
சூப்பில் டீசல் மணந்தது.

வியாழன்.
இரண்டாம் பம்பின் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது.
முதலாளி செஃபெரினோ கணக்கு நோட்டைத் திறந்தார், மூடினார்,
ஜன்னல் துடைத்தார்.
லிட்டருக்கு அவர் கையில் நிற்பது மூன்று செண்ட்.
என் சம்பளம், விளக்கு, கழிவறைக் காகிதம்
எல்லாம் அதற்குள்தான்.
மீதி போகிற வழியில் போகிறது,
வரிக்கு, கப்பலுக்கு,
நாங்கள் பார்த்தேயிராத ஏதோ ஒரு மேசைக்கு.
அந்த மேசையில்
வியாழக்கிழமை என்று ஒன்று இருக்கிறதா?

பதினொரு மணிக்கு கிராசியேட் காபி குடிக்க வந்தாள்.
வெறிச்சோடிய தரையைப் பார்த்து
பரீட்சையில் தேறிய பிள்ளைபோலச் சிரித்தாள்.
"பார், ஒரு வண்டி இல்லை!"
புதன்கிழமையின் ரசீதுச் சுருள்
என் முழங்கைக்கருகில் இருந்தது, பாம்புச்சட்டை நீளத்துக்கு.
சர்க்கரையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

நான்கு மணிக்கு இலீதியா.
வீடு வீடாகப் போய்ப்
படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுகிறவள்.
சாலைக்குத் தெரியாதபடி பம்பின் பின்னால் நிறுத்தினாள்.
"ஐந்து யூரோவுக்கு," என்றாள்,
திருட வந்தவள்போல.
போட்டேன். நாய் மட்டும் பார்த்தது.

வெள்ளியன்று மறுபடி வரிசை.
சனிக்கிழமை செஃபெரினோ கூட்டிக் கழித்தார்.
போன வாரத்தைவிடப் பதினோரு லிட்டர் குறைவு.
நான்கு நாள் கூடி நின்று கோபப்பட்டதன்
எடை அது.

அந்தப் பதினொன்று யாருடையதென்று எனக்குத் தெரியும்.
கொத்தனார் வல்தெமார் வியாழனன்று
மகனுடைய சைக்கிளை எடுத்தார்.
வெள்ளியும் எடுத்தார். திங்களும்.
கொள்கையா என்று கேட்டேன்.
முட்டி வலிக்கிறது என்றார்.
கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை,
ஆனாலும் போய்க்கொண்டே இருக்கிறார்.
வேன் வைத்திருக்கிற மற்றவர்கள்
சனிக்கிழமைதோறும் பாலம் தாண்டுகிறார்கள்.
அதற்கு யாரும் தாள் ஒட்டியதில்லை.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது:
ஒன்று அறுபத்தொன்பது, இனி ஒன்று அறுபத்தாறு.
கழியை நீட்டி
தலைகீழ் ஆறைக் கழற்றி நேராக மாட்டினேன்.
அதே தகடு.

கீழே கைதட்டினார்கள்.
கிராசியேட் ஆரஞ்சு கேக் வெட்டி
முதல் துண்டை எனக்கு நீட்டினாள்.
எங்கோ குளிர் குறைந்திருக்கலாம்,
எங்கோ ஒரு கப்பல் சீக்கிரம் வந்திருக்கலாம்,
அவர்களாகவும் இருக்கலாம், யார் கண்டது?
கேக் நன்றாயிருந்தது.
கழியைக் கொட்டகையில் வைக்காமல்
சுவரோடு சாய்த்தேன்.

அப்போதுதான் வல்தெமார் கடந்து போனார்,
கைப்பிடியிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி
எனக்கு வணக்கம் வைத்து.
பலகையை அண்ணாந்து பார்க்கவில்லை.