அறுபத்திரண்டாம் பெட்டி

ஸ்னேஷ்னிக் மலைச்சரிவில்
பீச் மரங்களில் ஆணியடித்த நூற்று நாற்பது பெட்டிகள்.
ஏணியை யெர்னேயா தூக்குகிறாள்;
தராசும் துணிப்பையும் என்னிடம்.
ஆகஸ்டு. ஈரம் காலணிக்குள் வந்துவிட்டது.

அறுபத்தொன்றில் காட்டுச் சுண்டெலி.
ஏப்ரலில் பிறந்தது, ஜூனில் தாய்,
இப்போது மூன்றாம் ஈற்றுக்கு வயிறு இறங்கியிருக்கிறது.
அடுத்த கோடையில் பெரும்பாலும் இருக்காது.
எண் போடலாமா என்று கேட்டேன்.
"நேரமிருக்காது" என்றாள்.
யாருக்கு என்று சொல்லவில்லை.

எட்டடி தள்ளி அடுத்த மரம்.
மூடியைத் திறந்ததும் உறுமல்:
சாம்பல் உரோமம், அணில்வால், கறுப்பு மணிக் கண்.
உறங்கெலி; ஊர்ப்பேச்சில் போல்ஹ்.
கொறிக்கும் பல் இரண்டுக்கும் ஒரே வார்ப்புதான்.
ஆனால் இது இலையுதிரும்போது மண்ணுக்குள் போனால்
ஜூனில்தான் திரும்பும்.
மண்ணின் குளிரே உடலின் குளிராக,
இதயம் எப்போதோ நினைத்துக்கொண்டு ஒருமுறை அடிக்க.
பீச் பூக்காத ஆண்டென்றால்
காதலும் வேண்டாம் குட்டியும் வேண்டாம் என்று
கொழுத்தவுடன் மறுபடி இறங்கிவிடும்.
(வாடகை கட்டாமல் ஒரு வருஷத்தைத் தாண்ட
எனக்கும் தெரிந்தால் தேவலை.)

இதன் சின்ன உறவொன்று ஹேசல் புதரில் இருக்கிறது,
கட்டைவிரலளவு மஞ்சள்.
அதுவும் உறங்கும்தான்; எங்கள் ஏட்டில் ஐந்தைத் தாண்டக் காணோம்.
ஆக உறக்கம் மட்டும் கணக்கில்லை.
கிளைகளுக்கிடையே ஆந்தை உண்டு,
மண்ணுக்கடியில் ஆந்தை இல்லை.
அதுவும் முழுக் கணக்கில்லை.

கருவி 'பீப்' என்றது. எண்ணைப் படிக்க
யெர்னேயா கண்ணாடி தேடினாள்,
சட்டைப்பையில், தலைமேல்,
பிறகு கருவியையே என் கையில் கொடுத்தாள்.
நானூற்றுப் பதினேழில் முடிகிற எண்.
பதினோரு கோடைக்கு முன், ஒரு வயதுப் பெண்ணுக்கு
அவள் இதை ஏற்றிய நாளில்
முழங்கால் வலி கிடையாது,
ஏணியின் கீழே ததேய் நின்றிருந்தான்.
அதன்பின் மூன்று கருவிகள் பழுதாகிவிட்டன.
ததேய் லுப்லியானாவில் வேறொருத்தியோடு; இரண்டு பையன்கள்.

இந்த வருஷம் பீச் காய்த்துக் குலுங்குகிறது.
கிழவியின் வயிற்றடியில் ஏழு குட்டிகள்,
கண் திறக்காத இளஞ்சிவப்பு.
கையுறையோடு சேர்த்துக் கட்டைவிரலைக் கடித்தது.
பல் தேய்ந்த கடி இல்லை.
யெர்னேயா "ஆ" என்றாள், சிரித்தாள்,
உறையைக் கழற்றி ரத்தம் பார்த்தாள்.

மூடியைக் கம்பியால் முறுக்கிவிட்டு
எழுது என்றாள்.
படிவத்தை அச்சடித்தவன் வயதுக்கு
ஒரே ஓர் இலக்கத்துக்குத்தான் கட்டம் விட்டிருந்தான்.
இரண்டை உள்ளே எழுதினேன்.
ஒன்றை வெளியே,
பெட்டி எண்ணின்மேல் கொஞ்சம் ஏறினாற்போல.